இந்தப் பரப்புக்கு என்ன நேர்ந்தது?



முன்வரிசைகளில் அனிமேஷனும் கேம் டிசைனும் படிக்கிற மாணவர்கள் இருக்கிறீர்கள். நடுவில், "பிள்ளை ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு பீப்பாய்க்குத் துரு ஏற்றிக்கொண்டிருக்கிறதே, இதுவும் ஒரு படிப்பா?" என்று தெரிந்துகொள்ள வந்த பெற்றோர்கள் இருக்கிறீர்கள். கடைசி வரிசையில், ஸ்டுடியோக்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இந்த வயதில் இன்னொரு மென்பொருளைக் கற்கச் சொல்கிறார்களே என்ற சலிப்போடு சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். இன்றைய பேச்சு பெரும்பாலும் அந்தக் கடைசி வரிசைக்காக. மற்றவர்கள் கூடவே கேட்டுக்கொண்டு வாருங்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, வீடியோ கேம் கலையில் புதிய டெக்ஸ்சரிங் மென்பொருளைக் கற்பது. பெற்றோர்களுக்காக முதலில் இரண்டு வரி. விளையாட்டில் நீங்கள் பார்க்கும் கோட்டை, வண்டி, வாள், மனிதன் எல்லாமே உள்ளே ஒன்றுமில்லாத கூடு. முக்கோணங்களைச் சேர்த்துக் கட்டிய கூடு. அதன் மேல் தெரியும் நிறம், கீறல், தூசி, ஈரம், பளபளப்பு அத்தனையும் படங்களாகச் செய்து போர்த்தப்பட்டவை. அந்தப் படங்களுக்கு டெக்ஸ்சர் என்று பெயர். ரவிக்கை தைப்பவர் உடம்பின் வளைவுகளுக்கு ஏற்பத் துணியைத் தட்டையான துண்டுகளாக வெட்டுகிறாரே, அப்படித்தான் அந்தக் கூட்டையும் மடிப்பு பிரித்துத் தட்டையாக விரிக்கிறார்கள். அதை யுவி என்கிறோம். அந்தத் தட்டையில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்பவர்தான் டெக்ஸ்சர் ஆர்ட்டிஸ்ட். அதுதான் உங்கள் பிள்ளை ராத்திரியில் செய்கிற வேலை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மேடைக்கு மேடை ஒரு வாசகத்தைக் கேட்டிருப்பீர்கள். "மென்பொருள் வெறும் கருவிதான், கையில் கலை இருந்தால் எதிலும் செய்யலாம்." கேட்கச் சுகமாக இருக்கிறது. கைதட்டலும் கிடைக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஒவ்வொரு மென்பொருளும் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறது. அந்தக் கேள்வியைத்தான் நாம் கற்க வேண்டும். எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்பதை நாலு நாளில் கை பழகிக்கொள்ளும். கேள்வி மாறியது தெரியாமல் பழைய கேள்விக்கே பதில் எழுதிக்கொண்டிருப்பவர்தான் புதிய மென்பொருளில் திணறுகிறார். கை தேர்ந்தவராக இருந்தால் இன்னும் அதிகமாகத் திணறுகிறார். ஏன் தெரியுமா? பழைய கேள்விக்கு அவரிடம் அவ்வளவு நல்ல பதில் இருக்கிறது!

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 1974-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட் கேட்மல் என்ற மாணவர் தன் முனைவர் பட்ட ஆய்வில், வளைந்த பரப்பின் மேல் ஒரு படத்தைப் போர்த்தலாம் என்று செய்து காட்டினார். பின்னாளில் பிக்ஸார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே கேட்மல்தான். நான்கு ஆண்டுகள் கழித்து, 1978-ல் ஜிம் பிளின் என்பவர், பரப்பை மேடு பள்ளமாக்காமலேயே அது மேடு பள்ளமாக இருப்பதுபோல் வெளிச்சத்தை ஏமாற்றலாம் என்றார். இன்று நாம் நார்மல் மேப் என்று சொல்வதற்கு அவர் போட்டதுதான் பிள்ளையார் சுழி. ஆக, போர்த்துவது, ஏமாற்றுவது என்ற இரண்டு யோசனைகளும் 1978-க்குள் வந்துவிட்டன. நம் தொழில் இன்றும் அந்த இரண்டையும்தான் செய்துகொண்டிருக்கிறது.

விளையாட்டுகளுக்கு இந்தப் போர்த்தும் வித்தை வந்து சேர வருடங்கள் ஆயின. 1992-ல் வந்த வுல்ஃபென்ஸ்டைன் 3டி விளையாட்டில் ஒரு சுவருக்கு 64-க்கு 64 புள்ளிகள். எண்ணிப் பாருங்கள், வெறும் 4,096 புள்ளிகள். அடுத்த ஆண்டு டூம் வந்தது. மொத்த விளையாட்டுக்கும் 256 நிறங்கள். அதை உருவாக்கிய குழுவின் ஓவியர் ஏட்ரியன் கார்மாக் களிமண்ணில் பூதங்களைப் பிசைந்து, வீடியோ கேமராவில் பிடித்துக் கணினிக்குள் கொண்டுவந்தார். தன் பாம்புத்தோல் காலணியைக்கூட விடவில்லை. அதுவும் ஸ்கேன் ஆகி ஒரு சுவராகப் போனது. நரகத்தின் சுவரில் ஓவியரின் செருப்பு! எனக்குப் பிடித்த கதை இது. ஆனால் அப்போது கருவி கேட்ட கேள்வி என்ன? "இந்தப் புள்ளியின் நிறம் என்ன?" அது ஒன்றுதான். வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே, பளபளப்பு எங்கே என்பதெல்லாம் அந்த ஒரே நிறத்துக்குள் ஓவியரே தீட்டிவிட வேண்டும். இரும்பு என்றால் சாம்பல் நிறம் பூசி, மேலே ஒரு வெள்ளைக் கோடு இழுத்தால் அது பளபளப்பு. மரம் என்றால் இடுக்கில் கொஞ்சம் கறுப்பு.

போட்டோஷாப்பில் வளர்ந்த தலைமுறை முழுவதும் இந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதியது. அற்புதமான பதில்கள் எழுதியது. கடைசி வரிசையில் இருக்கிறவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். ஒரு தட்டைப் படத்துக்குள் முழு வெயிலையும் அடைத்துவைத்த கை உங்களுடையது. அந்தத் திறமையை யாரும் குறைத்துப் பேச முடியாது.

பிறகு என்ன நடந்தது? 2004-ல் டூம் 3 வந்தபோது விளக்குகள் அசைய ஆரம்பித்தன. கையில் டார்ச் பிடித்துக்கொண்டு நடந்தால் சுவரின் புடைப்புகள் வெளிச்சத்துக்கு ஏற்ப உயிர்பெற்றன. வெளிச்சம் அசைகிறது என்றால், படத்துக்குள் தீட்டிவைத்த வெள்ளைக் கோட்டுக்கு அங்கே என்ன வேலை? சூரியன் கிழக்கே இருக்கும்போதும் பளபளப்பு மேற்கில். மேற்கே போன பிறகும் அதே இடத்தில். நேற்றுவரை பளபளப்பாகத் தெரிந்தது இன்று சுண்ணாம்புக் கறையாகத் தெரிய ஆரம்பித்தது.

திரைப்பட உலகத்திலிருந்து அடுத்த திருப்பம் வந்தது. 2012-ல் டிஸ்னி ஸ்டுடியோவின் பிரெண்ட் பர்லி ஒரு கட்டுரை வாசித்தார். ஆய்வுக்கூடத்தில் அளந்து பதிவுசெய்த 100 பொருள்களின் மேல் ஒளி எப்படித் திரும்புகிறது என்று ஆராய்ந்துவிட்டு, ஒரு நிறமும் பத்து அளவுகளும் இருந்தால் பெரும்பாலான பரப்புகளைச் சொல்லிவிடலாம் என்றார். ரெக்-இட் ரால்ஃப் படத்தில் அதைப் பயன்படுத்தினார்கள். வேடிக்கை பாருங்கள், அது வீடியோ கேம் பாத்திரங்களைப் பற்றிய படம்! மறு ஆண்டே எபிக் நிறுவனத்தின் பிரையன் காரிஸ் அதை இன்னும் சுருக்கி விளையாட்டுகளை இயக்கும் மென்பொருளான அன்ரியல் இன்ஜின் 4-க்குக் கொண்டுவந்தார். நிறம், உலோகமா இல்லையா, எவ்வளவு சொரசொரப்பு. அதாவது பேஸ் கலர், மெட்டாலிக், ரஃப்னஸ். இந்த மூன்றையும் நீங்கள் சொல்லுங்கள், வெளிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றது இன்ஜின்.

கேள்வி மாறிவிட்டது. "என்ன நிறம்?" என்பது போய், "இது என்ன பொருள்?" என்பது வந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் நம் கதையின் மென்பொருள் நுழைகிறது. பிரான்ஸ் நாட்டின் நடுவே கிளெர்மோன்-ஃபெரான் என்று ஓர் ஊர். மிஷெலின் டயர் கம்பெனியின் தலைமையகம் இருக்கும் ஊர். சுற்றிலும் அணைந்த எரிமலைகள். ஊரின் பெரிய தேவாலயத்தையே கறுத்த எரிமலைக் கல்லில் கட்டியிருக்கிறார்கள். அங்கே 2003-ல் செபாஸ்டியன் தெகி என்ற கணினி ஆய்வாளர் அல்கரித்மிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கிருந்து சப்ஸ்டன்ஸ் டிசைனர் வந்தது. அதன் பின், 2014-ல் சப்ஸ்டன்ஸ் பெயின்டர் வந்தது. 2019 ஜனவரியில் அடோபி அந்த நிறுவனத்தை வாங்கியது. இன்று விளையாட்டுத் துறையில் டெக்ஸ்சர் வேலைக்கு ஆள் கேட்கும் அறிவிப்பைப் பார்த்தால் பெயின்டர் என்ற பெயர் இல்லாமல் இருப்பது அபூர்வம்.

முப்பரிமாண மாதிரியின் மேலேயே நேராக வண்ணம் தீட்டுவது பெயின்டர் கண்டுபிடித்தது இல்லை. 1990-லேயே ஹான்ரஹானும் ஹேபர்லியும் அதைச் செய்து காட்டிவிட்டார்கள். அவதார் படத்துக்காக வேட்டா நிறுவனத்தில் உருவான மாரி, பெரிய படங்களில் அதையே செய்தது. அப்படியானால் பெயின்டரில் எது புதிது? அது இன்னொரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டது. "இது என்ன பொருள்? சரி. இதற்கு என்ன நேர்ந்தது?"

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அதற்கு வெளிநாட்டு விளையாட்டு எதுவும் வேண்டாம். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, இந்த மண்டபத்தின் இரும்பு மடக்கு நாற்காலி, அது போதும். எழுந்து நிற்க வேண்டாம். குனிந்து பாருங்கள்.

என்ன பொருள்? இரும்பு என்பீர்கள். அப்படியானால் மெட்டாலிக் மதிப்பு 1 என்று போட்டுவிடலாமா? கூடாது! உங்கள் கண்ணுக்குத் தெரிவது இரும்பு இல்லையே, பெயின்ட். பெயின்ட் உலோகம் ஆகாது. மெட்டாலிக் 0. பெயின்ட் உரிந்த இடத்தில்? அங்கே துரு. துரு இரும்பிலிருந்து பிறந்ததுதான், ஆனால் ஒளிக்கு அது உலோகம்போல் பதில் சொல்வதில்லை, மண்போல் சொல்கிறது. அங்கேயும் 0. பின்னே உலோகம் எங்கே இருக்கிறது? நாற்காலியை மடக்கும்போது கம்பியும் கம்பியும் உரசுகிற அந்தக் கீல் பக்கம் பாருங்கள். தினமும் உரசுவதால் துருகூடப் பிடிக்க நேரமில்லாமல் வெள்ளையாக மின்னுகிறதே, ஒரு விரல் அகலம், அங்கே மட்டும் 1. ஓர் இரும்பு நாற்காலி முழுவதிலும் இரும்பு தெரிவது அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். பௌதிகம் எளிமையானது. பெயின்ட், மரம், பிளாஸ்டிக், கல், தோல் எல்லாம் நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத்தான் கண்ணாடிபோல் திருப்புகின்றன. உலோகங்கள் பொதுவாகப் பாதிக்கு மேல் திருப்புகின்றன, அதுவும் தங்கள் நிறத்தை ஏற்றி. செம்பில் தெரியும் பிம்பம் செம்பு நிறமாக இருக்கும். கறுப்பு பிளாஸ்டிக்கில் தெரியும் ட்யூப்லைட் வெள்ளையாகவே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இயற்கையில் ஏதும் அநேகமாக இல்லை. அதனால்தான் மெட்டாலிக்கில் 0.5 என்று வைப்பவரைப் பார்த்தால் சீனியர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

அடுத்து, சொரசொரப்பு. ரஃப்னஸ். இந்த மண்டபத்தில் பேச்சை நிறுத்திவிட்டு இதைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசச் சொன்னாலும் பேசுவேன். நாற்காலியின் முதுகுப் பட்டையைப் பாருங்கள். மேல் விளிம்பில், கைபிடித்து இழுத்துப் போடுகிற இடத்தில், எத்தனையோ கைகளின் எண்ணெய் ஏறிப் பெயின்ட் வழுவழுப்பாகிவிட்டது. அதே பெயின்ட், அதே நிறம். ஆனால் இருக்கையின் அடிப்பக்கம், யார் கையும் படாத இடம், தூசி படிந்து மங்கிக் கிடக்கிறது. நிறத்தில் வித்தியாசம் கடுகளவு. பளபளப்பில் வித்தியாசம் மலையளவு. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். நேராக நிமிர்ந்து பார்த்தால் தெரியாது.

ஒரு பொருளின் வரலாறு அதன் ரஃப்னஸில்தான் எழுதப்படுகிறது. யார் தொட்டார்கள், எங்கே தொட்டார்கள், எங்கே மழை பட்டது, எங்கே துடைத்தார்கள், எல்லாம் அங்கே இருக்கிறது. ஆனால் புதியவர்கள் எங்கே உழைக்கிறார்கள்? நிறத்தில்! நிறத்தில் பத்து லேயர் போடுகிறார்கள், ரஃப்னஸில் ஒரே சாம்பல். பிறகு, "என் மாடல் ஏன் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். வேறெப்படி இருக்கும்?

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். பெயின்டரில் சி என்ற எழுத்தை அழுத்தினால் நிறம், ரஃப்னஸ் என்று ஒவ்வொரு சேனலாகத் தனித்தனியே காட்டும். எம் அழுத்தினால் பழையபடி முழுப்பொருளாகிவிடும். நிறம் முழுவதையும் ஒரே சாம்பலாக்கிவிட்டு, ரஃப்னஸை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். சாம்பல் நிறத்திலேயே, விளக்கைச் சுற்றிச் சுற்றித் திருப்பிப் பார்க்கும்போது, இது பழைய நாற்காலி என்று பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு நிறத்துக்குப் போங்கள். கடைசி வரிசைக்காரர்களுக்கும் இதையே சொல்கிறேன், இன்னும் அழுத்தமாகச் சொல்கிறேன். நிறத்தை உங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டால்தான் பழைய கேள்வி உங்களை விடும்.

இப்போது பெயின்டர் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். முதலில் பேக்கிங். கோடிக்கணக்கான சிறு தளங்களோடு செதுக்கிய ஹை பாலி மாதிரி ஒன்று. விளையாட்டில் ஓடக்கூடிய இலேசான லோ பாலி ஒன்று. முதலாவதின் நுணுக்கங்களைப் படங்களாக்கி இரண்டாவதின் மேல் ஏற்றுவது பேக். நார்மல் மேப் கிடைக்கும். அதோடு விளிம்பு எது, குழி எது என்று சொல்லும் கர்வேச்சர். ஒளி நுழைய முடியாத இடுக்குகளைச் சொல்லும் ஆம்பியன்ட் ஆக்லூஷன். எது மேலே எது கீழே என்று சொல்லும் பொசிஷன். கனம் எங்கே, மெலிவு எங்கே என்று சொல்லும் திக்னஸ். கவனியுங்கள், இவை எதுவும் நிறம் கிடையாது. அந்தப் பொருளின் உடம்பைப் பற்றிய தகவல். பெயின்டர் அந்தத் தகவலை வைத்துக்கொண்டு, "விளிம்பில் மட்டும் பெயின்டை உரி, குழியில் மட்டும் அழுக்கைச் சேர்" என்று நீங்கள் சொன்னால் செய்கிறது.

மாயாஜாலம்! இந்தத் தகவலைப் படித்துத் தானே தேய்மானமும் அழுக்கும் ஏற்றும் ஸ்மார்ட் மெட்டீரியல் ஒன்றை இழுத்துப் போடுங்கள், ஒரு நொடியில் உங்கள் பீப்பாய் முப்பது வருடம் பழசாகிவிடும். முதல் நாள் இதைப் பார்த்தவர்கள் யாரும் அன்று ராத்திரி தூங்கியிருக்க மாட்டார்கள்.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. கருவி கேள்வி கேட்கும், அதோடு நிற்காது. நீங்கள் சும்மா இருந்தால் பதிலையும் அதுவே சொல்லிவிடும். அந்தப் பதில் எல்லாருக்கும் ஒரே பதில். எல்லா விளிம்பும் தேய்ந்திருக்கும், எல்லாக் குழியும் அழுக்காக இருக்கும். மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, யாருமே தொடாத பின்விளிம்பு, எல்லாம் ஒரே அளவு தேய்மானம். வேலைக்கு வரும் போர்ட்ஃபோலியோக்களைப் புரட்டிப் பார்க்கிறவர்கள் சலித்துப்போவது இதனால்தான். பெட்டி, துப்பாக்கி, டிரம், கதவு, எல்லாம் ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் கிழடு தட்டியதுபோல் இருக்கின்றன.

நம் நாற்காலியின் விளிம்பு எங்கே தேய்ந்திருக்கிறது? தரையில் இழுபடும் கால் முனையில். அடுக்கி வைக்கும்போது ஒன்றோடொன்று மோதும் பக்கவாட்டில். முதுகுப் பட்டையின் கீழ் விளிம்பு, அதுவும் விளிம்புதான், கூர்மையாகத்தான் இருக்கிறது, ஆனால் புத்தம்புதிதாக இருக்கிறது. கர்வேச்சர் மேப்புக்கு இது தெரியுமா? தெரியாது. அதற்கு வடிவம் தெரியும், வாழ்க்கை தெரியாது. அதனால், எங்கே தேய வேண்டும் என்று அது போட்ட மாஸ்க்கின் மேல் இன்னொரு லேயர் போட்டு, வேண்டாத இடங்களில் உங்கள் கையால் அழிக்க வேண்டும். என்னைக் கேட்டால், பெயின்டர் கற்றுக்கொண்டவர் யார் என்றால், ஸ்மார்ட் மெட்டீரியல் போடத் தெரிந்தவர் இல்லை. போட்ட பிறகு அதில் பாதியை அழிக்கக் காரணம் சொல்லத் தெரிந்தவர்.

பெயின்டரின் அண்ணன் டிசைனர் கேட்பது வேறொரு கேள்வி. "இது எந்த விதியால் உண்டாயிற்று?" அங்கே பிரஷ் அநேகமாகக் கிடையாது. நோட் என்று சின்னச் சின்னப் பெட்டிகளைக் கம்பிபோட்டு இணைக்க வேண்டும். ஒரு செங்கல் வரைய முடியாது. செங்கற்கள் எப்படி அடுக்கப்படும், எவ்வளவு சாயும், நூற்றில் எத்தனை உடைந்திருக்கும், சாந்து எவ்வளவு பிதுங்கும் என்று விதி எழுத வேண்டும். எழுதிவிட்டால் ஒரு எண்ணை மாற்றினால் போதும், இன்னொரு சுவர் தயார். இந்த வழிக்கும் ஒரு முன்னோர் உண்டு. கென் பெர்லின், டிரான் படத்தில் வேலை பார்த்தவர். கணினிப் படங்கள் இயந்திரத்தனமாக மொழுமொழுவென்று இருப்பது பிடிக்காமல், இயற்கைபோல் ஒழுங்கற்றுத் தெரியும் நாய்ஸ் ஒன்றைக் கணக்காக எழுதி 1985-ல் வெளியிட்டார். 1997-ல் அதற்காக ஆஸ்கர் அமைப்பின் தொழில்நுட்ப விருதே கிடைத்தது. இன்று மேகம், பளிங்கு, துரு, தழும்பு எதை விதியால் செய்தாலும் அடியில் அவர் கணக்கோ அதன் உறவோ இருக்கும். 2004-ல் ஜெர்மானியக் குழு ஒன்று .கேகிரீகர் என்று ஒரு விளையாட்டை வெளியிட்டது. முழு விளையாட்டும் 96 கிலோபைட்! நம் கைபேசியில் எடுக்கும் ஒரு போட்டோவைவிடச் சிறியது. படங்களைச் சேமிக்கவில்லை, படங்களை உண்டாக்கும் விதிகளைச் சேமித்தார்கள்.

டிசைனர் எல்லாருக்கும் ஒத்துவராது என்பது என் கருத்து. கணக்கில் மகிழ்ச்சி காண்பவர்கள் அதில் கரைந்துபோவார்கள். மற்றவர்கள் வேறொருவர் எழுதிய விதியைப் பிரித்துப் படிக்கத் தெரிந்துகொண்டால் போதும்.

இனிச் சில சில்லறை விஷயங்கள். ஆனால் சில்லறைதான் வேலையைக் காவு வாங்கும். நார்மல் மேப்பில் பச்சைச் சேனலை அன்ரியல் ஒரு திசையில் படிக்கிறது, யூனிட்டியும் பிளெண்டரும் எதிர்த்திசையில் படிக்கின்றன. புராஜெக்ட் தொடங்கும்போதே பெயின்டர் இதைக் கேட்கும். படிக்காமல் ஓகே கொடுத்தால் மேடெல்லாம் பள்ளமாகும், ஆணியெல்லாம் ஓட்டையாகும். நிறத்துக்கான படம், கண்ணுக்கேற்ப மதிப்புகளை வளைத்து வைக்கும் எஸ்ஆர்ஜிபி முறையில் போகும். ரஃப்னஸும் மெட்டாலிக்கும் படம்போல் தெரிந்தாலும் அவை எண்கள், வளைக்காமல் லீனியராகத்தான் இன்ஜினுக்குள் போக வேண்டும். நிலக்கரியானாலும் நிறத்தை 0-க்கு இறக்காதீர்கள், பனியானாலும் 255-க்கு ஏற்றாதீர்கள். 30-க்கும் 240-க்கும் இடையில் நிற்பது பழகிய வழக்கம்.

அளவு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிற்கிறேன். எல்லாவற்றுக்கும் 4கே வேண்டும் என்று ஒரு மோகம் இருக்கிறது. 4,096-க்கு 4,096 என்றால் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் புள்ளிகள். சுருக்காமல் வைத்தால் ஒரே படம் 64 மெகாபைட். பிசி7 முறையில் சுருக்கினால் 16. தூரத்தில் காட்டுவதற்கான சிறிய பிரதிகளையும் சேர்த்தால் இன்னும் மூன்றில் ஒரு பங்கு. இது ஒரு படத்துக்கு. ஒரு பொருளுக்கு மூன்று நான்கு படங்கள். மூலையில் கிடக்கும் வாளிக்கு இத்தனை செலவா? பெயின்டரில் ஒரு நல்ல குணம், நீங்கள் இழுத்த கோடுகளைக் கோடுகளாகவே நினைவில் வைத்துக்கொள்ளும். 1கே-யில் வேலை செய்யலாம், தேவைப்பட்டால் 4கே-யில் வெளியே எடுக்கலாம். பழைய லேப்டாப் வைத்திருக்கும் மாணவர்களுக்கு இது பெரிய வரம்.

பணம் பற்றிக் கேட்பீர்கள். பெற்றோர்கள் கண்டிப்பாகக் கேட்பீர்கள். அடோபியிடம் போன பிறகு மாத வாடகை, ஆண்டு வாடகை என்று ஆனது பலருக்குக் கசப்புதான். ஆனால் நான் சொன்ன கேள்விகளைக் கற்க அந்த வாடகை கட்டாயம் இல்லை. பிளெண்டர் இலவசம், அதிலேயே பேக் செய்யலாம், தீட்டலாம், நோட் இணைக்கலாம். ஆர்மர்பெயின்ட் என்று திறந்த மூலத்தில் ஒன்று இருக்கிறது, பெயின்டரின் வழியில் நடப்பது. மெட்டீரியல் மேக்கர் என்று ஒன்று, டிசைனரின் வழியில் நடப்பது. உக்ரைனின் கீவ் நகரிலிருந்து வரும் 3டி-கோட்டுக்கு நீண்ட நாள் ரசிகர்கள் உண்டு. ஒன்றில் கேள்வியைப் பிடித்துவிட்டால் இன்னொன்றுக்குத் தாவுவது கஷ்டமில்லை.

கடைசி வரிசையில் ஒருவர் நான் பேசத் தொடங்கியதிலிருந்து தலையாட்டி மறுத்துக்கொண்டே இருக்கிறார். அவர் மறுப்பு என்னவென்று எனக்குத் தெரியும். "எல்லாவற்றையும் பௌதிகத்துக்கு ஒப்புக்கொடுத்துவிட்டால் ஓவியன் எங்கே?" நியாயமான கேள்வி. 2007-ல் வந்த டீம் ஃபோர்ட்ரெஸ் 2 விளையாட்டைப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகை அட்டைகள் வரைந்த லெயன்டெக்கர் போன்றவர்களை முன்மாதிரியாக வைத்து, நுணுக்கத்தை வேண்டுமென்றே குறைத்து, தூரிகைத் தடம் தெரியும்படி செய்தார்கள். ஒன்பது பாத்திரங்களில் எது ஓடிவந்தாலும் நிழலுருவத்திலேயே அடையாளம் தெரிய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. சொரசொரப்பைத் துல்லியமாகச் சொல்வது அந்த விளையாட்டுக்கு இடைஞ்சல். நம் நாட்டில் புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-ல் வெளியிட்ட ராஜி விளையாட்டிலும் கோட்டைகளும் தூண்களும் கையால் தீட்டிய ஓவியமாகவே நிற்கின்றன. அங்கே வெளிச்சத்தை நிறத்துக்குள் தீட்டுகிற அந்தப் பழைய கை மறுபடி வேலைக்கு வருகிறது. ஐயா, உங்கள் கைதான்!

ஆனால் அவர்கள் பௌதிகம் தெரியாமல் அதைச் செய்யவில்லை. இன்ஜின் என்ன எதிர்பார்க்கிறது, எந்த இடத்தில் அதை மறுக்கிறோம், மறுத்தால் விளக்கு மாறும்போது என்ன ஆகும் என்று கணக்குப் பார்த்து மறுத்தார்கள். பெயின்டரிலேயே இதைச் செய்யலாம். ஆம்பியன்ட் ஆக்லூஷனையும் மேலிருந்து விழும் ஒளியையும் நிறத்தின் மேல் லேயராக ஏற்றிவிட்டு, அதன் மேல் கையால் தீட்டுகிறவர்கள் ஏராளம்.

செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு வார்த்தை, கேட்காமல் விடமாட்டீர்கள். ஒரு போட்டோவைக் கொடுத்தால் நிறம், ரஃப்னஸ், நார்மல் என்று பிரித்துக் கொடுக்கும் வசதி சப்ஸ்டன்ஸ் சாம்ப்ளரில் இருக்கிறது. வேகமாகச் செய்கிறது. தார்ச் சாலை, மண், பாறைக்கு நன்றாகவே செய்கிறது. ஆனால் ஒரு போட்டோவில் வெள்ளையாக இருப்பது வெள்ளைப் பெயின்ட்டா, பளபளப்பில் தெறித்த வெளிச்சமா என்று அது ஊகிக்கத்தான் முடியும். ஊகம் தப்பினால் கண்டுபிடிக்கிற கண் யாருடையது? நாற்காலியின் முன் தலையைச் சாய்த்துப் பார்த்தவருடையது.

திங்கட்கிழமை கடைசி வரிசை என்ன செய்ய வேண்டும் என்பதோடு முடிக்கிறேன். இணையத்தில் கிடைக்கும் விண்வெளிப் பெட்டிப் பாடத்தைத் திறக்காதீர்கள். உங்கள் பழைய வேலையில் ஒன்றை எடுங்கள், போட்டோஷாப்பில் நீங்களே பெருமையாகத் தீட்டிய ஒன்று. அதன் மாதிரியைப் பெயின்டரில் ஏற்றுங்கள். பேக் செய்யுங்கள். நீங்கள் தீட்டிய ஒவ்வொரு வெள்ளைக் கோட்டையும் பார்த்து, இது உலோகமா, எண்ணெயா, ஈரமா, அல்லது நான் வைத்த விளக்கா என்று பிரியுங்கள். விளக்காக இருந்தால் எடுத்துவிடுங்கள். மற்றவற்றை அதனதன் சேனலில் வையுங்கள். ஒரு வாரம் ஆகும். அதுவரை ஸ்மார்ட் மெட்டீரியல் பக்கம் போக வேண்டாம்.

 மைக்கை அந்தத் தலையாட்டிய ஐயாவிடம் முதலில் கொடுங்கள், அவர் கேட்கட்டும்.